டேட்டாகிரிட் இல்லாமல் வந்த டபிள்யூபிஎஃப்: வணிக மென்பொருளுக்கு ஒரு கட்டமைப்பு முதிர்ந்த விதம்

2006 நவம்பரில், மைக்ரோசாஃப்ட்டின் மென்பொருள் எழுதும் தளமான டாட்நெட்டின் 3.0 பதிப்பு வெளியானது. விண்டோஸ் மென்பொருட்களின் திரைகளை உருவாக்க அதோடு வந்த கட்டமைப்பான விண்டோஸ் பிரசென்டேஷன் ஃபவுண்டேஷனை, அதாவது டபிள்யூபிஎஃப்-ஐ வைத்து, ஒரு முப்பரிமாணக் கனசதுரத்தின் ஆறு முகங்களிலும் வீடியோ ஓடவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே கனசதுரத்தைச் சுழற்றலாம். ஆனால் ஒரு பில்லில் உள்ள பொருட்களை வரிசையாகப் போட்டு, அந்தந்தக் கட்டத்திலேயே அளவையும் விலையையும் திருத்தும் அட்டவணை, அதாவது டேட்டாகிரிட், அதில் கிடையாது. தேதி எடுக்க ஒரு சின்னக் காலண்டர் கிடையாது. பேக்கப்பை எந்த ஃபோல்டரில் வைப்பது என்று பயனரிடம் கேட்கும் பெட்டியும் கிடையாது.

வணிக மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த மூன்றும் அன்றாடச் சோறு. கணக்குப் பதிவு, சரக்கு இருப்பு, மருத்துவமனைப் பதிவு, வங்கிக் கவுன்டர் என்று எதை எடுத்தாலும், திரையின் முக்கால்வாசியை அட்டவணைதான் அடைத்துக்கொண்டிருக்கும். அது இல்லாமல் வந்த ஒரு கட்டமைப்பு, பிறகு உலகம் முழுக்க அலுவலகங்களில் காலை ஒன்பது மணிக்குத் திறந்து மாலை ஆறு மணிக்கு மூடப்படும் திரைகளின் அடித்தளமாக மாறியது. அது எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். என் கணிப்பில், இதில் பெரிய பாய்ச்சல் என்று எதுவும் இல்லை. பளபளப்பான வசதிகள் முதல் நாளே வந்துவிட்டன. சலிப்பூட்டும் வசதிகள் ஒவ்வொன்றாக, சில சமயம் வருடக்கணக்கில் தாமதமாக வந்து சேர்ந்தன. அவை வந்து சேர்ந்ததைத்தான் நான் முதிர்ச்சி என்கிறேன்.

எதற்காக உருவானது

2003 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த மைக்ரோசாஃப்ட்டின் டெவலப்பர் மாநாட்டில் இது ‘அவலான்’ என்ற குறிப்பெயரில் அறிமுகமானது. அப்போது லாங்ஹார்ன் என்று அழைக்கப்பட்ட, பிற்பாடு விஸ்டாவாக வந்த விண்டோஸின் தூண்களில் ஒன்றாக இதைக் காட்டினார்கள். 2004 ஆகஸ்டில் லாங்ஹார்ன் திட்டமே திருத்தி அமைக்கப்பட்டபோது, அவலான் பழைய விண்டோஸ் எக்ஸ்பியிலும் ஓடும் என்று முடிவானது. வணிக உலகத்துக்கு அது பெரிய உதவி. விஸ்டாவில் மட்டும்தான் ஓடும் என்றிருந்தால், அலுவலகங்களில் இதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

அதற்கு முன்னால் டாட்நெட்டில் இருந்தது வின்ஃபார்ம்ஸ். ஒரு ஃபார்மின் மேல் பட்டன், டெக்ஸ்ட்பாக்ஸ், கிரிட் என்று இழுத்துப் போடலாம். இரட்டைச் சொடுக்கு போட்டால் கோடு, அதாவது நிரல் வரிகள், எழுதும் இடத்துக்கே கொண்டுபோய் விடும். வேகமாக வேலை முடியும். ஆனால் அதன் அளவுகள் எல்லாம் பிக்சலில் இருந்தன. திரையின் அடர்த்தி மாறினால் எழுத்து ஒரு பக்கமும் பெட்டி ஒரு பக்கமும் நகர்ந்துவிடும். ஒரு பட்டனுக்குள் படமும் இரண்டு வரி எழுத்தும் வேண்டுமென்றால் அதை நீங்களே வரைய வேண்டும்.

டபிள்யூபிஎஃப் அடிப்படையையே வேறு விதமாக அமைத்தது. அளவின் அலகு பிக்சல் அல்ல. ஓர் அங்குலத்தில் 96-இல் ஒரு பங்கு. திரையை வரைவது டைரக்ட்எக்ஸ். இந்த இடத்தில் கோடு போடு, இங்கே நிறம் தீட்டு என்று நிரலாளர் ஒவ்வொரு முறையும் சொல்லத் தேவையில்லை. என்ன இருக்க வேண்டும் என்று ஒரு முறை சொன்னால் போதும், கட்டமைப்பே அதை நினைவில் வைத்து வரைந்துகொள்ளும். அந்தச் சொல்லும் மொழிதான் ஸாமல். பட்டன் என்பது அதன் செயல் மட்டும். அதன் தோற்றம் டெம்ப்ளேட்டில் தனியாக இருக்கும். தோற்றத்தை முழுக்க மாற்றினாலும் அது பட்டனாகவே வேலை செய்யும்.

வணிக மென்பொருளின் பார்வையில் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது டேட்டா பைண்டிங், அதாவது திரையில் தெரிவதைத் தரவோடு இணைத்து வைப்பது. வின்ஃபார்ம்ஸிலும் பைண்டிங் இருந்தது. ஆனால் பிறகு ஒட்டவைத்தது போல இருந்தது. இங்கே அது எலும்புக்கூட்டிலேயே இருக்கிறது. டிபென்டன்சி பிராப்பர்ட்டி என்று ஒரு ஏற்பாடு: பட்டன், பெட்டி போன்ற ஒரு கன்ட்ரோலின் ஒவ்வொரு பண்புக்கும் மதிப்பு எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். நேரடியாகக் கொடுத்தது, ஸ்டைலில் இருந்து வந்தது, தாய்க் கன்ட்ரோலிடமிருந்து இறங்கி வந்தது என்று ஒரு முன்னுரிமை வரிசை உண்டு. பைண்டிங் இந்த வரிசைக்குள்ளேயே உட்காருகிறது. பில்லின் மொத்தத் தொகை பூஜ்யமாக இருந்தால் சிவப்பில் காட்டு என்பதைக் கோடே எழுதாமல் ஸாமலில் சொல்லிவிடலாம். வாடிக்கையாளர் பெயரை ஒரு பெட்டியில் மாற்றினால், அதே பெயர் வரும் மற்ற நான்கு இடங்களும் தானாக மாறும்.

முதல் இரண்டு வருடம்

இத்தனை நல்ல அடித்தளம் இருந்தும் தொடக்கத்தில் வணிக மென்பொருள் எழுதுகிறவர்கள் தள்ளியே நின்றார்கள். அதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. மைக்ரோசாஃப்ட்டின் நிரலெழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோவின் 2005 பதிப்பில், திரையை இழுத்துப் போட்டு அமைக்க டபிள்யூபிஎஃப்-க்கு முறையான டிசைனரே கிடையாது. சோதனை நிலையில் இருந்த ஒரு நீட்டிப்பு மட்டும்தான். 2007 நவம்பரில் முடிவான விஷுவல் ஸ்டுடியோ 2008-இல்தான் டிசைனர் உள்ளேயே வந்தது. அப்போதும் பலர் அதை மூடி வைத்துவிட்டு ஸாமலைக் கையால் எழுதினார்கள். நான் இன்று வரைக்கும் அப்படித்தான்.

எழுத்து மங்கலாகத் தெரிவது பரவலான குறை. இதன் காரணம் சுவையானது. டபிள்யூபிஎஃப் எழுத்துகளின் அகலத்தை, அச்சில் இருப்பதுபோல, திரையின் பிக்சலோடு சம்பந்தமில்லாத உத்தம அளவில் கணக்கிட்டது. ஓர் எழுத்து 6.4 பிக்சல் அகலம் என்றால் அப்படியே 6.4 என்று வைத்துக்கொள்ளும். எழுத்தின் விளிம்பு இரண்டு பிக்சலுக்கு நடுவில் விழும். அங்கே சாம்பல் பூசி நிரப்பும். பெரிய எழுத்தில் இது அழகாக இருக்கும். ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் கொண்ட திரையில், கணக்குத் திரைகளில் வரும் சின்ன எழுத்தில், மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தோன்றும். விண்டோஸின் பழைய வரையும் முறையான ஜிடிஐ எழுத்துகளைப் பிக்சல் கட்டத்துக்குள் இழுத்து உட்கார வைக்கும். வடிவம் கொஞ்சம் கெட்டாலும் கூர்மையாக இருக்கும். நாள் முழுக்க எண்களைப் பார்க்கிறவருக்கு வேண்டியது அந்தக் கூர்மைதான்.

அட்டவணை வேண்டியவர்கள் வெளி நிறுவனங்களிடம் போனார்கள். இன்ஃப்ராஜிஸ்டிக்ஸ், டெலரிக், டெவ்எக்ஸ்பிரஸ், எக்ஸீட் போன்ற நிறுவனங்கள் கிரிட் விற்றன. அமெரிக்காவின் வட கரோலினாவில் தலைமையகம் வைத்திருக்கும் சின்க்ஃப்யூஷனும் இந்த வரிசையில் உண்டு. அதன் பெரிய மேம்பாட்டு மையம் சென்னையில் இருக்கிறது. எங்கோ ஒரு நாட்டில் ஒரு பங்கு வர்த்தகர் பார்க்கும் அட்டவணையின் நிரல் நம் ஊரில் எழுதப்பட்டிருக்கலாம் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

வியூமாடல்: உள்ளே இருந்து வந்து, வெளியே வளர்ந்தது

முதிர்ச்சியின் முதல் அறிகுறி கட்டமைப்புக்குள் இருந்த எந்த வசதியிலும் தெரியவில்லை. அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற பழக்கத்தில்தான் தெரிந்தது. 2005 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட்டில் இருந்த ஜான் காஸ்மன், மாடல்-வியூ-வியூமாடல் என்ற வடிவத்தைப் பற்றி எழுதினார். சுருக்கமாக எம்விவிஎம். டபிள்யூபிஎஃப்-ஐக் கொண்டே எழுதப்பட்டுக்கொண்டிருந்த எக்ஸ்பிரஷன் பிளெண்ட் என்ற வடிவமைப்புக் கருவியின் வேலையிலிருந்து பிறந்த அனுபவம் அது.

விஷயம் எளிமையானது. திரைக்குப் பின்னால், திரையைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு கிளாஸ், அதாவது தரவையும் அதன் வேலைகளையும் சேர்த்து வைக்கும் ஒரு நிரல் துண்டு. பில் எண், தேதி, பொருள் பட்டியல், சேமிக்கும் கட்டளை எல்லாம் அதில் இருக்கும். திரை அதோடு பைண்டிங் மூலம் மட்டும் பேசும். இதனால் கிடைக்கும் நன்மையை வணிக மென்பொருள் பராமரித்தவர்கள் உடனே உணர்வார்கள். “தள்ளுபடி போட்ட பிறகு வரி கணக்கிட வேண்டும், அதற்கு முன்னால் அல்ல” என்ற விதி, சேமி பட்டனின் கிளிக் நிகழ்வுக்குள் புதைந்து கிடக்காது. திரையைத் திறக்காமலேயே அந்த விதியைச் சோதித்துப் பார்க்கலாம்.

ஆனால் டபிள்யூபிஎஃப் இதற்கான அடிப்படை கிளாஸ் எதையும் கூடவே தரவில்லை. மாற்றத்தை அறிவிக்கும் இன்டர்ஃபேஸ் இருந்தது, கட்டளைக்கான இன்டர்ஃபேஸ் இருந்தது. மற்றதை ஒவ்வொருவரும் சொந்தமாக எழுதினார்கள். ஒவ்வொரு புராஜெக்டிலும் ரிலேகமாண்ட் என்று ஒரு சின்ன கிளாஸ் இருக்கும், ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு மாதிரி. 2008-இல் மைக்ரோசாஃப்ட்டின் பேட்டர்ன்ஸ் அண்ட் பிராக்டிசஸ் குழுவிடமிருந்து பிரிஸம் வந்தது. பெரிய மென்பொருளைத் தனித்தனித் தொகுதிகளாகப் பிரித்து ஒரே சட்டகத்துக்குள் பொருத்தும் வழியை அது காட்டியது. காலிபர்ன், எம்விவிஎம் லைட் போன்றவை தனி நிரலாளர்களின் உழைப்பில் வந்தன. இவை இல்லாமல் டபிள்யூபிஎஃப் வணிக மென்பொருளில் நின்றிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2008 முதல் 2010 வரை: திருப்பம்

2008 ஆகஸ்டில் டாட்நெட் 3.5-இன் முதல் சர்வீஸ் பேக் வந்தது. பெயரைப் பார்த்தால் பிழைதிருத்தம் போல இருக்கும். உண்மையில் டபிள்யூபிஎஃப் வணிகத்தின் பக்கம் திரும்பிய நாள் அதுதான். மென்பொருள் திறக்கும் வேகம் கூடியது. பைண்டிங்கிலேயே எண்ணையும் தேதியையும் வடிவமைக்கும் ஸ்ட்ரிங்ஃபார்மேட் வந்தது. அதுவரை தொகைக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று என்று மதிப்பை மாற்றிக் காட்டும் கன்வர்ட்டர் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு முழு வரியையும் ஒரே தொகுப்பாகச் சரிபார்க்கும் பைண்டிங்குரூப் வந்தது. பட்டியலை உருட்டும்போது, மேலே மறைந்த வரியின் கன்ட்ரோல்களை எறிந்துவிடாமல் கீழே வரும் வரிக்கு மறுபடி பயன்படுத்தும் வசதி வந்தது. அதே வருடம் அக்டோபரில், டபிள்யூபிஎஃப் டூல்கிட் என்ற தனித் தொகுப்பில், மைக்ரோசாஃப்ட்டின் சொந்த டேட்டாகிரிட்டும் டேட்பிக்கரும் காலண்டரும் வெளியாயின. கட்டமைப்பு வந்து ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து.

பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் நான் அதிகம் மதிக்கும் பகுதி. விஷுவல் ஸ்டுடியோ 2010-இன் எடிட்டரையும் வெளிச்சட்டகத்தையும் டபிள்யூபிஎஃப்-இல் திருப்பி எழுத மைக்ரோசாஃப்ட் முடிவெடுத்தது. விஷுவல் ஸ்டுடியோ என்பது லட்சக்கணக்கான நிரலாளர்கள் நாள் முழுக்கக் கண்ணை எடுக்காமல் பார்க்கும் மென்பொருள். நூற்றுக்கணக்கான ஜன்னல்கள், ஆயிரக்கணக்கான வரிகள், விசைப்பலகையிலேயே எல்லா வேலையும். யோசித்துப் பார்த்தால் அது ஒரு பிரம்மாண்டமான டேட்டா என்ட்ரி மென்பொருள்தான்.

சோதனைப் பதிப்புகள் மெதுவாக இருந்தன என்று நிரலாளர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். 2010 மார்ச் 22 என்று வைத்திருந்த வெளியீட்டைத் தள்ளிவைத்தார்கள். பிப்ரவரியில் எல்லோரும் சோதிக்கக்கூடிய இன்னொரு பதிப்பை விட்டு, கருத்து கேட்டு, வேகத்தைச் சரிசெய்து, ஏப்ரல் 12-ஆம் தேதி வெளியிட்டார்கள். அதே நாளில் வந்த டாட்நெட் 4-இல், மங்கலான எழுத்துக்கு விடை இருந்தது: டெக்ஸ்ட் ஃபார்மேட்டிங் மோட் என்ற ஒரு பண்பு. அதை ‘டிஸ்ப்ளே’ என்று வைத்தால் எழுத்துகள் ஜிடிஐ-இன் அளவுக்கு ஏற்ப முழுப் பிக்சலில் உட்காரும். கோடுகளும் பெட்டிகளும் பிக்சல் நடுவில் விழாமல் தடுக்கும் லேஅவுட் ரவுண்டிங்கும் வந்தது. டேட்டாகிரிட் டூல்கிட்டிலிருந்து கட்டமைப்புக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

மூன்றரை வருடமாகக் கணக்குத் திரைகளில் இருந்தவர்களின் குறை, கட்டமைப்பைச் செய்தவர்களே கோடு எழுதும் திரைக்கு வந்ததும் தீர்ந்தது. நான் இதைப் புகாராகச் சொல்லவில்லை. ஒரு கருவியைச் செய்கிறவர் அதற்குள்ளேயே எட்டு மணி நேரம் வேலை செய்யும்போது அவருக்குத் தெரியும் விஷயங்கள் எந்தப் பயனர் கருத்துக்கணிப்பிலும் தெரியாது. எந்தக் கட்டமைப்பை மதிப்பிடும்போதும் நான் கேட்கும் முதல் கேள்வி இப்போது இதுதான்: இதைச் செய்தவர்கள் தங்கள் முக்கியமான மென்பொருளை இதில் எழுதியிருக்கிறார்களா?

ஒரு பட்டியல் திறந்த கதை

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதிர்ந்த கட்டமைப்பிலும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை அது காட்டும். ஒரு சரக்கு இருப்பு மென்பொருளில் பொருட்களின் பட்டியல் திரை எழுதியிருந்தேன். சுமார் 40,000 பொருட்கள். என் கணினியில் சோதித்தது 200 பொருட்களோடு. கிடங்கில் பொருத்திய மறுநாள், அங்கே பதிவு செய்யும் அக்கா கூப்பிட்டார். “தம்பி, இந்த லிஸ்டை அமுக்கிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம் போல இருக்கே. பழசு டக்குனு வருமே.” சரிங்க அக்கா, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கோடைத் திறந்தேன்.

டபிள்யூபிஎஃப் பட்டியல்கள் விர்ச்சுவலைசேஷன் செய்பவை. 40,000 வரி இருந்தாலும் திரையில் தெரியும் முப்பது வரிக்கு மட்டும்தான் கன்ட்ரோல்களை உருவாக்கும். ஆனால் எத்தனை வரி தெரியும் என்று கணக்குப் போட, தனக்கு எவ்வளவு உயரம் இருக்கிறது என்று அது தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கட்டமைப்பில் அமைப்பு இரண்டு நடையில் நடக்கும்: முதலில் உனக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்கும், பிறகு இவ்வளவுதான் என்று இடம் ஒதுக்கும். நான் கிரிட்டை, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் ஒரு ஸ்டாக்பேனலுக்குள் வைத்து, அதைச் சுற்றி உருட்டிப் பார்க்க ஒரு ஸ்க்ரோல்வியூவர் போட்டிருந்தேன். ஸ்டாக்பேனல் தன் பிள்ளையிடம், உயரத்துக்கு எல்லையே இல்லை, வேண்டியதை எடுத்துக்கொள் என்று சொல்லும். கிரிட்டும் 40,000 வரிகளையும் உருவாக்கிவிட்டது. வெளியே இருந்த இரண்டையும் எடுத்துவிட்டு, மீதி உயரம் முழுவதும் என்று அளவு கொடுத்த ஒரு கட்டத்துக்குள் வைத்தேன். பட்டியல் உடனே திறந்தது. மாற்றியது மூன்று வரி ஸாமல்.

இது கட்டமைப்பின் பிழை இல்லை. ஆனால் நான் அப்படி எழுதியபோது அது ஓர் எச்சரிக்கைகூடக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டபிள்யூபிஎஃப் வெகுநாள் தவறுகளைச் சொல்லாமல் மௌனமாக விட்டுவிட்ட கட்டமைப்பு. பைண்டிங்கில் பண்பின் பெயரைத் தப்பாக எழுதினால் நிரல் நிற்காது. பெட்டி வெறுமனே காலியாக இருக்கும், அவுட்புட் ஜன்னலில் ஒரு நீண்ட வரி ஓடும். ஸ்னூப் என்ற இலவசக் கருவியை வைத்துத்தான் பல வருடம் இதையெல்லாம் தோண்டிப் பார்த்தோம். ஓடும் திரையின் உள்ளமைப்பைக் காட்டும் லைவ் விஷுவல் ட்ரீ விஷுவல் ஸ்டுடியோ 2015-இல்தான் வந்தது. பைண்டிங் தவறுகளைத் தனியாகப் பட்டியலிடும் ஜன்னல் வருவதற்கு 2019 பதிப்பின் பிந்தைய வெளியீடுகள் வரை ஆனது.

காலை முதல் மாலை வரை மூடாமல் ஓடும் மென்பொருளுக்கு இன்னொரு பொறியும் உண்டு. மாற்றத்தை அறிவிக்கத் தெரியாத ஒரு சாதாரணப் பொருளோடு பைண்டிங் வைத்து, அந்தப் பொருள் நேரடியாகவோ சுற்றிவளைத்தோ அதே திரையைப் பிடித்துக்கொண்டிருந்தால், திரையை மூடினாலும் இரண்டும் நினைவகத்தை விட்டுப் போகாது. ஒரு தடவை திறந்து மூடினால் தெரியாது. ஒரே நாளில் முந்நூறு பில் போடும் இடத்தில் சாயங்காலம் கணினி திணறும்.

தேதியும் லட்சமும்

நம் நாட்டில் டபிள்யூபிஎஃப் மென்பொருள் எழுதும் எல்லோரும் ஒரு முறையாவது முட்டிக்கொள்ளும் இடம் இது. கணினியின் பிராந்திய அமைப்பு இந்தியா என்று இருக்கும். கோடில் தேதியை எழுத்தாக மாற்றினால் நாள், மாதம், வருடம் என்று சரியாக வரும். அதே தேதியைப் பைண்டிங்கில் வடிவமைத்தால் மாதம் முன்னால் வந்து நிற்கும். மார்ச் 4 என்பது ஏப்ரல் 3 என்று படிக்கப்படும். 12,34,567 என்று வர வேண்டிய தொகை 1,234,567 என்று வரும்.

காரணம், பைண்டிங் கணினியின் அமைப்பைப் பார்ப்பதில்லை. கன்ட்ரோலின் லாங்குவேஜ் பண்பைப் பார்க்கிறது. அந்தப் பண்பின் இயல்பு மதிப்பு அமெரிக்க ஆங்கிலம். நிரல் தொடங்கும்போதே எல்லாக் கன்ட்ரோல்களுக்கும் இந்த இயல்பு மதிப்பை மாற்றிவிடும் ஒரு வரியை எழுதிவிட்டால் சரியாகிவிடும். தெரிந்தவருக்கு ஒரு நிமிட வேலை. தெரியாதவர் ஒவ்வொரு திரையிலும் கன்வர்ட்டர் எழுதிக்கொண்டிருப்பார். ஸாமலை ஒரு ஆவணமாகக் கருதி, ஆவணத்துக்கு ஒரு மொழி உண்டு என்று முதலில் யோசித்த வடிவமைப்பின் மிச்சம் இது. இன்று வரை மாறவில்லை. பழைய மென்பொருட்கள் இந்த நடத்தையை நம்பியிருக்கும் என்பதால் மாற்றவும் முடியாது. முதிர்ந்த கட்டமைப்பில் பழைய முடிவுகள் இப்படி உறைந்தும் போகும்.

சரிபார்ப்பு விஷயத்தில் நேர்மாறாக, படிப்படியாக வளர்ந்தது. முதல் பதிப்பில் ஒவ்வொரு பைண்டிங்குக்கும் ஒரு விதி எழுத வேண்டும். 3.5-இல் தரவைத் தாங்கும் பொருளே தன் தவறைச் சொல்லும் முறை வந்தது. சர்வீஸ் பேக்கில் வரி முழுவதற்கும். 2012 ஆகஸ்டில் வந்த 4.5-இல், சர்வரைக் கேட்டுப் பதில் வந்த பிறகு தவறைக் காட்டவும், ஒரே பெட்டிக்கு இரண்டு மூன்று தவறுகளைக் காட்டவும் முடிந்தது. ஒரே சின்ன விஷயத்தை ஆறு வருடம் செதுக்கியிருக்கிறார்கள்.

அந்த 4.5-இல் குழுக்களாகப் பிரித்த பட்டியலிலும் விர்ச்சுவலைசேஷன் வேலை செய்தது, பட்டன்களை மேலே பட்டையாக அடுக்கும் ரிப்பன் உள்ளேயே வந்தது. ஆனால் 4.5 எக்ஸ்பியில் ஓடாது. அப்போது எத்தனையோ அலுவலகங்கள் எக்ஸ்பியில்தான் இருந்தன. 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்த பிறகும் சில இடங்களில் அசையவில்லை. அதனால் அந்த நல்ல வசதிகள் பல வணிக மென்பொருட்களுக்குப் போய்ச்சேர இன்னும் சில வருடம் பிடித்தது.

கைவிட்டுவிட்டார்களா?

2011 செப்டம்பரில் விண்டோஸ் 8-ஐ நிரலாளர்களுக்குக் காட்டியபோது, மேடையில் பேசப்பட்டது எல்லாம் புது வகைச் செயலிகளைப் பற்றி. டபிள்யூபிஎஃப்-இன் தம்பி போல உலாவிக்குள் ஓடிய சில்வர்லைட், அதே வருடம் டிசம்பரில் ஐந்தாம் பதிப்போடு நின்றுபோனது. டபிள்யூபிஎஃப்-உம் முடிந்தது என்ற பேச்சு எங்கும் கேட்டது. புதிதாக ஒரு வணிக மென்பொருளைத் தொடங்குகிறவர் எதில் தொடங்குவது என்று தெரியாமல் நின்ற காலம் அது. 2014 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் டபிள்யூபிஎஃப்-க்கான வழித்திட்டம் ஒன்றை வெளியிட்டு, தொடர்ந்து வேலை நடக்கும் என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்த அமைதியான வருடங்களைப் பற்றி என் கருத்து அன்றைக்கும் இன்றைக்கும் வேறு. அன்று கவலைப்பட்டேன். இப்போது திரும்பிப் பார்த்தால், அந்த வருடங்களில் எழுதிய எதுவும் உடையவில்லை. 2010-இல் எழுதிய திரை விண்டோஸ் 7-இல் ஓடியது, 8-இல் ஓடியது, 10-இலும் ஓடியது. ஒரு கணக்கு மென்பொருளின் ஆயுள் பதினைந்து வருடம் என்றால், அதன் கீழே இருக்கும் கட்டமைப்பு மாறாமல் இருப்பது பெரிய கொடை. சில்வர்லைட்டில் எழுதியவர்களுக்கு 2021 அக்டோபர் 12-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. அதற்குள் எல்லாவற்றையும் வேறு எதிலாவது எழுதியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே ஸாமல் குடும்பம், ஒரே காலத்தில் வளர்ந்தவை. டபிள்யூபிஎஃப்-ஐத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தத் தேதியில் எதுவும் நடக்கவில்லை.

நடுவில் வந்த ஒரு திருத்தம் குறிப்பிடத்தக்கது. திரை அடர்த்திக்குத் தகுந்த மாதிரி அளவெடுக்கும் கட்டமைப்பு என்று பிறந்தாலும், டபிள்யூபிஎஃப் கணினி முழுவதற்கும் ஒரே அடர்த்தி என்றுதான் எண்ணியிருந்தது. அடர்த்தி அதிகமுள்ள மடிக்கணினியோடு சாதாரண மானிட்டரை இணைப்பது வழக்கமானபோது, ஜன்னலை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழுத்தால் மறுபடி மங்கியது. 2016-இல் டாட்நெட் 4.6.2 ஒவ்வொரு மானிட்டருக்கும் தனி அடர்த்தியை மதிக்கத் தொடங்கியது.

திறந்த மூலத்துக்குப் பிறகு

2018 டிசம்பர் 4-ஆம் தேதி டபிள்யூபிஎஃப் எம்ஐடி உரிமத்தில், யாரும் அதன் கோடைப் பார்த்து மாற்றிப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலமானது. 2019 செப்டம்பரில் வந்த, டாட்நெட்டின் புது வடிவமான டாட்நெட் கோர் 3.0-இல் அது ஓடியது. நிரலாளர்களுக்கு இது கொண்டாட்டம். நிறுவனங்களுக்கு உண்மையில் பயன்பட்டது வேறு விஷயம்: மென்பொருள் தனக்கு வேண்டிய டாட்நெட்டைத் தன் ஃபோல்டரிலேயே கூடவே எடுத்துக்கொண்டு போகலாம். முன்பு 4.5 நிறுவினால் அது 4-ஐ மாற்றிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். பக்கத்து மென்பொருளுக்காகச் செய்த மேம்படுத்தல் நம் மென்பொருளைத் தொடும் என்ற பயம் இருந்தது. அந்தப் பயம் போனது.

பழையதை இதற்கு மாற்றுவது எளிது என்று சொல்ல மாட்டேன். திரைகள் பெரும்பாலும் அப்படியே வந்துவிடும். டாட்நெட் ரிமோட்டிங் போன்ற பழைய தொடர்பு முறைகளை நம்பியிருந்த பின்புலக் கோடுதான் அடம்பிடிக்கும். எம்விவிஎம் ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களுக்கு வேலை பாதி. கிளிக் நிகழ்வுக்குள் எல்லாவற்றையும் எழுதியவர்களுக்குத்தான் பாடு.

தீராதவையும் இருக்கின்றன. டபிள்யூபிஎஃப் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். மேக்கும் லினக்ஸும் வேண்டும் என்பவர்கள், பழைய குறிப்பெயரை நினைவூட்டும் அவலோனியா என்ற திறந்த மூலக் கட்டமைப்புக்குப் போகிறார்கள். ஸாமல் தெரிந்தவருக்கு அது அந்நியமாக இருக்காது. பழைய வின்ஃபார்ம்ஸ் கன்ட்ரோலை உள்ளே வைத்தால் அதன் மேல் டபிள்யூபிஎஃப் எதையும் வரைய முடியாது. ஏர்ஸ்பேஸ் என்று பெயர் பெற்ற இந்தச் சிக்கல் பிறந்தநாள் முதல் கூடவே இருக்கிறது. எண்ணை மேலே கீழே அம்புக்குறியால் மாற்றும் பெட்டி இன்றும் கட்டமைப்புக்குள் இல்லை.

ஆனால் வந்துகொண்டிருப்பவற்றைப் பார்க்கும்போது யாருக்காக வருகின்றன என்பது தெளிவாகத் தெரிகிறது. 2023 நவம்பரின் டாட்நெட் 8, ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஓடும்போதும் கிராஃபிக்ஸ் அட்டையைப் பயன்படுத்திக்கொள்ள ஓர் அமைப்பைத் தந்தது. கிளை அலுவலகங்களில் உட்கார்ந்து தலைமை அலுவலக சர்வரில் பில் போடுகிறவர்களுக்கான வசதி அது. எந்த மேடையிலும் செய்துகாட்டிக் கைதட்டு வாங்கும் விஷயம் இல்லை. 2024-இன் டாட்நெட் 9 விண்டோஸ் 11-க்குப் பொருந்தும் தோற்றத்தைக் கொடுத்தது.

டாட்நெட் 8-இல் இன்னொன்றும் வந்தது: ஓபன்ஃபோல்டர்டயலாக். பேக்கப்பை எங்கே வைப்பது என்று கேட்கும் அந்தப் பெட்டி, பதினேழு வருடம் கழித்து. அதுவரை என் ஒவ்வொரு டபிள்யூபிஎஃப் புராஜெக்டிலும், அந்த ஒரு பெட்டியைத் திறப்பதற்காக மட்டும், முழு வின்ஃபார்ம்ஸையும் சேர்த்து வைத்திருந்தேன். புது டாட்நெட்டுக்கு மாறிய அன்று மாலை அந்த வரியை நீக்கிவிட்டு பில்ட் போட்டேன். ஒரு பிழையும் வரவில்லை.